பண்டிகைப் பணமும் புத்தகக் கடையும்

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிவகிரியைக் கடந்து புளியங்குடியை எட்டுவதற்கு முன்பாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல் வயல்களுக்கும் எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் வாசுதேவநல்லூரில், புரட்டாசியில் நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டும் நாள் தொடங்கித் தை மாதத்தில் பொங்கல் கரும்பு தின்று தீரும் நாள் வரையில், ஏறக்குறைய நான்கு மாத காலம், மற்ற மாதங்களில் காணாத பணப் புழக்கத்தைக் கடைத்தெருவில் காணலாம். பிழைப்பைத் தேடிச் சென்னைக்குப் போனவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து சங்கரன்கோவிலில் இறங்கிப் பஸ் பிடித்தும், கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் வேறு வழியாகவும் ஊர் வந்து சேருகிறார்கள். மாலை அணிந்த ஐயப்ப பக்தர்கள், குற்றாலத்து அருவியில் நீராடிவிட்டுச் சபரிமலைக்குச் செல்லும் பொருட்டு, இந்தச் சாலை வழியாகவே வண்டி வண்டியாய்ப் போகிறார்கள். ஜவுளிக் கடையிலும் பலகாரக் கடையிலும் சிவகாசிப் பட்டாசு விற்கும் கொட்டகையிலும் நிற்க இடம் கிடைப்பதில்லை. இவ்வளவு செலவுக்கும் திட்டம் போட்டு, அத்தைக்குச் சேலை, மருமகனுக்கு வேஷ்டி என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளும் குடும்பங்களில், அந்தப் பட்டியலின் கடைசி வரியிலேனும் புத்தகக் கடை இடம் பெறுவது அபூர்வம். அது ஏன் இடம் பெற வேண்டும், அதுவும் பண்டிகைக் காலத்தில் ஏன் இடம் பெற வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு சிறிது விரிவாகப் பேச உத்தேசம்.

இத்தகைய சிற்றூர்களில் புத்தக நிலையம் என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் கடையின் முன்வரிசையில் புத்தகமே இராது என்பது பட்டணவாசிகளுக்கு வியப்பாக இருக்கலாம். பத்தாம் வகுப்பு நோட்ஸ், பன்னிரண்டாம் வகுப்பு கைடு, நாலு கோடு நோட்டு, கிராஃப் நோட்டு, சார்ட் அட்டை, ஜியோமெட்ரி பாக்ஸ், பிறந்த நாளுக்கு ஒட்டும் ஜிகினாத் தாள், ஒரு மூலையில் சூடேறிக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் இயந்திரம்: இவையே கடையின் முகம். இவற்றுக்கெல்லாம் பின்னால், உரிமையாளரின் நாற்காலிக்கு மேலேயோ, வெளிச்சம் குறைந்த பக்கச் சுவரிலோ ஒற்றை அலமாரி ஒன்று இருக்கும். திருக்குறள் உரை, குற்றாலக் குறவஞ்சி, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், கி. ராஜநாராயணன் கதைகள், புதுமைப்பித்தன் தொகுதி, இவற்றோடு பேதமின்றித் தோள் உரசிக்கொண்டு சமையல் குறிப்பும் ஜோதிடமும் முப்பது நாளில் ஆங்கிலமும் அங்கே நிற்கும். அட்டையின் முதுகில் இருந்த சிவப்பு வெளுத்து வெளிறிய ரோஜா நிறமாகியிருக்கும். அச்சிட்ட விலையின்மேல் புது விலைச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டு, அதுவும் ஓரத்தில் சுருண்டிருக்கும். நாம் ஒன்றைக் கேட்டால், உரிமையாளர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, மேல் விளிம்பில் படிந்த தூசியைத் துண்டால் தட்டி, முதல் பக்கத்தின் மூலையில் ஊதா மையில் கடை முத்திரையைக் குத்தி, பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிறு கட்டிக் கொடுப்பார். எத்தனை மாதமாக அந்தப் புத்தகம் அங்கே நின்றது என்று கேட்டால் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும்.

அந்தக் கடைக்கு வருஷம் என்பது ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் அந்த மூன்று நான்கு வாரங்களில் நோட்டும் கைடும் விற்ற வருமானத்தில்தான் வாடகை பாக்கி தீர்வதும், வாங்கிய கடன் அடைவதும். அப்புறம் ஆடியும் ஆவணியும் சும்மா கிடக்கும். புரட்டாசிக்குப் பிறகு மறுபடியும் கொஞ்சம் ஆள் நடமாட்டம் வரும்: சரஸ்வதி பூஜை, தீபாவளி மலர், அரையாண்டு விடுமுறை, புது வருஷத்து டைரி, காலண்டர், பஞ்சாங்கம். ஜூன் மாதத்து வருமானம் கடையைக் காப்பாற்றுகிறது. பின்னே இருக்கும் அந்த ஒற்றை அலமாரியைக் காப்பாற்றுவதோ, இந்த இரண்டாவது பருவத்தில் வரும் சொற்பப் பணம்தான். அந்தப் பணம் வராத வருஷத்தில் கடை மூடப்படுவதில்லை. அலமாரி மட்டும் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்கவிடப்படுகின்றன. ஊரில் யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. புத்தக வியாபாரம் நலிவதற்குப் படிக்கிறவர்கள் குறைந்துபோனதே காரணம் என்று மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. இந்தத் தொழிலில் அன்றும் இன்றும் பெரிய குறையாக இருந்துவருவது முன்பணம். ஒரு நூலை அச்சிடுவதற்கோ, அதை வாங்கி அலமாரியில் வைத்து, உரியவன் வரும் வரையில் காத்திருப்பதற்கோ வேண்டிய பணத்தை யார் முன்கூட்டிப் போடுவது என்பதே கேள்வி. நம்முடைய நாட்டுச் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்லும்.

பண்டிகைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டது என்று நினைப்பவர்கள், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கோயில் திருவிழாக்களில் பாய் விரித்துப் புத்தகம் விற்றவர்களை அறியாதவர்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை என்று, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும் கண்ணில் தெரியும்படி பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்களைச் சென்னையிலிருந்து பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் வெளியிட்டார்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து என்று காலணா அரையணாவுக்குக் கிடைத்த பாட்டுப் புத்தகங்களுக்குச் சென்னைக் குஜிலி பஜார் பிரசித்தி பெற்றது. விற்பவரே உரக்கப் பாடிக் காட்டுவார்; கூட்டம் சேரும்; சேர்ந்தவர்களில் சிலர் வாங்குவார்கள். படிப்பறிவு மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் இத்தனை நூல்கள் விலைபோயின என்றால், திருவிழாவில் ஜனங்கள் கையில் கொஞ்சம் காசோடு, செலவழிக்கும் மனத்தோடு வந்தார்கள் என்பதும், புத்தகம் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதுமே காரணங்கள்.

பெரிய நூல்களின் சங்கதி வேறு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது, அச்சுக் கூலிக்கும் காகிதத்துக்கும் அவரிடம் செல்வம் குவிந்திருக்கவில்லை. நூல் வெளிவந்தால் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று தமிழபிமானிகள் முன்கூட்டியே ஒப்பிக் கொடுத்த கையொப்பங்களை அவர் ஊர் ஊராகச் சேகரித்தார். அந்நாளைய வழக்கம் அதுதான். புலவர்களை ஆதரித்த ஊற்றுமலை முதலிய ஜமீன்கள் ஒருபுறம் இருக்க, வக்கீல்களும் முன்சீபுகளும் பள்ளி உபாத்தியாயர்களும் போட்ட அந்தச் சிறு கையொப்பங்களே தமிழின் பழைய இலக்கியங்கள் பல கறையானுக்குத் தப்பி அச்சேறக் காரணமாயின. கண்ணால் காணாத நூலுக்குக் காசு கொடுக்க ஒப்புவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை, வாங்கும் பொருளுக்கு வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்துப் பழகிவிட்ட நாம் யோசித்துப் பார்க்கலாம்.

இனி, இந்த மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசுதேவநல்லூருக்குத் தெற்கே, தென்காசியைத் தாண்டி, அம்பாசமுத்திரம் போகும் மார்க்கத்தில் கடையம் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டு டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான சுப்பிரமணிய பாரதியார், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய அந்தக் கடையத்தில் வந்து, சென்னைக்குத் திரும்பும் வரையில் ஏறத்தாழ இரண்டு வருஷம் வாழ்ந்தார். 1920-இல் அங்கிருந்து அவர் நண்பர்களுக்கும் அபிமானிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம்முடைய எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எவ்வளவு சாதாரணமாக வீடுதோறும் போய்ச் சேருகின்றனவோ அவ்வளவு சாதாரணமாகத் தமிழர் வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். நாலு லட்சம் பிரதிகள்! அதற்கு வேண்டிய முதலைக் கடனாகக் கேட்டார். வட்டியோடு திருப்பித் தருவதாகவும் உறுதி சொன்னார். தர்மம் கேட்கவில்லை, கவனிக்க வேண்டும். கவியின் கனவு என்று ஒதுக்குவதற்கு இதில் ஒன்றும் இல்லை. பிரதி எண்ணிக்கை, செலவு, விளம்பரம் என்று கணக்குப் போட்ட வியாபாரத் திட்டம் அது. பணம் வரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் அவர் காலமானார்.

அதே 1920-இல், அப்போது இந்தப் பகுதியெல்லாம் அடங்கியிருந்த அதே திருநெல்வேலி ஜில்லாவில், வ. திருவரங்கம் பிள்ளையும் வ. சுப்பையா பிள்ளையும் சேர்ந்து தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தொடங்கினார்கள். லிமிடெட் கம்பெனியாகப் பங்கு சேர்த்து ஏற்பட்ட ஸ்தாபனம் அது. திருநெல்வேலியில் கடை, பிறகு சென்னையிலும் கடை, 1923 முதல் செந்தமிழ்ச் செல்வி என்னும் மாத இதழ் என்று அது விருத்தியடைந்து, சங்க இலக்கியம் முதல் பள்ளிப் பாடநூல் வரையில் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. பாரதியாருக்குக் கிடைக்காதது அதற்குக் கிடைத்தது எப்படி? ஒரு தனி மனிதர், அதிலும் அரசாங்கத்தின் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த மனிதர், பெருந்தொகையைக் கடனாகக் கேட்டால் நண்பர்களும் தயங்குவது இயல்பு; சிறு சிறு பங்காகப் பலர் போடும் பணமோ யாருக்கும் பாரமாவதில்லை. அதோடு, கழகத்தின் நூல்களை ஒருவன் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குவதற்கு நிலையான கடை இருந்தது.

தீப்பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாரதியார் அந்தச் சுற்றறிக்கையை எழுதிய காலத்தில் சிவகாசியில் அந்தத் தொழில் தோன்றியிருக்கவில்லை. 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று வந்து, மறு வருஷம் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் அதைத் தொடர்ந்தன. இன்று பெட்டிக்கடை இல்லாத தெருவும் இல்லை, தீப்பெட்டி இல்லாத பெட்டிக்கடையும் இல்லை. வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகள் எழுதும் நோட்டும் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் சிவகாசியில் அச்சாகி வருவனவே. அச்சு இயந்திரம் பக்கத்து ஊரில் இருக்கிறது. புத்தகம் மட்டும் தீப்பெட்டி போன வழியில் போகவில்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசாங்கம் வாங்கி, பின்பு பொதுச் சொத்தாக்கியதற்குப் பிறகு, 1957-இல் சக்தி காரியாலயம் வை. கோவிந்தன் அவருடைய கவிதைகளை ஒன்றரை ரூபாய் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தபோதுதான், கடையத்தில் போட்ட அந்தக் கணக்கின் ஒரு பகுதியாவது நிறைவேறியது.

சரித்திரம் போகட்டும், இன்றைய கணக்கைப் பார்ப்போம். முந்நூறு ரூபாய் விலையுள்ள ஒரு புத்தகத்துக்குப் பதிப்பகத்தார் கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பது கழிவு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் 210 ரூபாய் கட்டி அதைத் தருவிக்கிறார். மிஞ்சும் 90 ரூபாயில் பார்சல் கூலி, வாடகை, மின்சாரம், கடைப் பையனின் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். வாடிக்கைக்காரர் உரிமையோடு பத்து சதவீதம் குறைக்கச் சொன்னால் அதில் 30 போய், 60 நிற்கும். இதெல்லாம் அந்தப் புத்தகம் ஒரு மாதத்தில் விற்றால். ஒன்றரை வருஷம் நின்று விற்றால், அந்த 210 ரூபாய் ஒன்றரை வருஷம் தூங்கியதாக அர்த்தம். இப்படி நூறு புத்தகம் அலமாரியில் நின்றால் 21,000 ரூபாய் தூங்குகிறது. அதே பணத்தை நோட்டிலும் பேனாவிலும் போட்டிருந்தால் ஒரே ஜூன் மாதத்தில் அது லாபத்தோடு திரும்பியிருக்கும். ஆகையால் சிற்றூரில் இலக்கியப் புத்தகம் வாங்கி வைப்பவரை வியாபார சாமர்த்தியம் இல்லாதவர் என்றுதான் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லுவார்கள். கணக்கின்படி அவர்கள் சொல்வதும் சரியே.

இணையத்தில் வாங்குவதற்கு எதிராக நான் வாதாட வரவில்லை. அங்கே தள்ளுபடி அதிகம். வீட்டுக்கே வந்து சேர்கிறது. ஊர்க் கடையில் இல்லாத நூல் அங்கே கிடைக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடியைக் கொடுப்பவருக்கு வாசுதேவநல்லூரில் வாடகை கொடுக்க வேண்டிய இடம் இல்லை. புத்தகத்தில் விட்டதை வேறு பொருளில் பிடித்துக்கொள்ளும் வசதி அவருக்கு உண்டு. இந்த வித்தியாசத்தைப் பிரான்ஸ் தேசத்தார் வெகு நாளைக்கு முன்பே உணர்ந்து, 1981-இல் ஒரு சட்டம் செய்தார்கள். பதிப்பாளர் நிர்ணயித்த விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எவரும் குறைத்து விற்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் இணைய வியாபாரிகள் தபால் செலவை இலவசமாக்கி அந்தச் சட்டத்துக்குப் பிடிகொடுக்காமல் நழுவியபோது, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 3 யூரோ தபால் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று 2023-இல் விதித்தார்கள். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. தபால் விஷயத்திலும் நாம் சற்றுத் தடுமாறினோம்: புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்பப் பயன்பட்ட பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டு, பதிப்பாளர்களும் வாசகர்களும் முறையிட்ட பிறகு, 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்ற பெயரில், 300 கிராம் வரை 20 ரூபாயும் 5 கிலோ வரை 100 ரூபாயுமாக ஒரு சேவையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒற்றைப் புத்தகத்துக்கு 20 ரூபாய். ஒரு கட்டுக்கு 100 ரூபாய். பலருக்கும் வேண்டியதை ஒரே கட்டாகக் கடைக்காரர் தருவிப்பதில் உள்ள சிக்கனத்தை இந்தக் கட்டணமே சொல்லிவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் பீடி சுற்றியும் எலுமிச்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தும் வாழும் குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய் என்பது தீபாவளிக்குப் பிள்ளைக்கு எடுக்கும் சட்டையின் விலை. அவர்களிடம் போய்ப் புத்தகக் கடையை ஆதரியுங்கள் என்று பேசுவது நாகரிகம் ஆகாது. அவர்களுக்காகத்தான் 1948-இல் சென்னை மாகாணத்தில், சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. நாம் கட்டும் வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் வசூலாகிறது. நான் பேசுவது, பண்டிகைக்குப் பட்டாசுக்கு மட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் என்று எடுத்து வைக்கக் கூடிய குடும்பங்களைப் பற்றி. அவை இந்தப் பக்கத்தில் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

பண்டிகைச் செலவில் புத்தகத்துக்கு இடம் கொடுத்த ஒரு நாட்டைப் பார்ப்போம். ஐஸ்லாந்து என்ற தீவு நாட்டின் ஜனத்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. காகிதத்துக்கு மட்டும் அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆகவே கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுக்க விரும்பியவர்கள், வேறு பொருள் கிடைக்காமையால், புத்தகம் கொடுக்கத் தலைப்பட்டார்கள். 1944 முதல், அந்த வருஷம் வெளிவரும் நூல்களின் பட்டியலைப் பதிப்பாளர்கள் இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு இலவசமாக அனுப்பிவந்தார்கள். அந்நாட்டுப் புத்தக வியாபாரத்தின் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் நடந்தேறுகிறது. டிசம்பர் 24-ஆம் தேதி இரவு பரிசாக வந்த புத்தகத்தோடு படுக்கைக்குப் போவது அங்கே வழக்கம். யாரும் உபதேசம் செய்து அந்தப் பழக்கம் ஏற்படவில்லை; யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிறந்து, தட்டுப்பாடு நீங்கிய பிறகும் நிலைத்துவிட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியில் மட்டும் சுமார் 14 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் முப்பதில் ஒருவர் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு புத்தகம் வாங்கினால் எத்தனை அலமாரிகள் நிலைத்து நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது என் போன்றவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

நமக்கும் அதற்கான நாள் வாய்த்தே இருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது சம்பிரதாயம். மறுநாள் விஜயதசமியன்று பூஜையிலிருந்து ஒன்றை எடுத்துச் சில வரிகளாவது வாசிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பூஜைக்கு வைக்கப்படுவன பாடப் புத்தகங்களும் கணக்குப் பேரேடும்தான். அந்த அடுக்கில் புதிதாக ஒரு புத்தகம் சேர வேண்டும் என்று நினைத்தால், அதற்கு முந்தின வாரம் கடைக்குப் போயாக வேண்டும். தீபாவளி வந்தால், கலைமகள், அமுதசுரபி, ஆனந்த விகடன் முதலிய பத்திரிகைகளின் மலர்களை எதிர்பார்த்துக் கடையில் முன்கூட்டிச் சொல்லிவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பட்டாசு தீர்ந்த பிற்பகலில் மலரை யார் முதலில் எடுப்பது என்ற தகராறு தீபாவளியின் ஓர் அங்கமாகவே அக்காலக் குடும்பங்களில் விளங்கியது.

கடை இருப்பதனால் மட்டும் கிடைக்கும் சில நன்மைகளை இணையத்தால் ஈடு செய்ய முடியாது என்பதற்கு இந்த ஊரிலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் காட்டலாம். 1761-இல் கும்பினியின் தளபதி யூசுப் கான், பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தான். தன் ஊர்ப் பெயர் சரித்திரத்தில் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்ட ஒரு பையனுக்கு, மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எழுந்தால், எந்த நூலின் பெயரைச் சொல்லி அவன் இணையத்தில் தேடுவான்? பெயர் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சந்தையில் பொருள் கிடைக்கும். நோட்டு வாங்கப் போன இடத்தில், பூலித்தேவர் என்று அட்டையில் போட்ட புத்தகம் கண்ணில் படுவதும், விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கி நிற்பவனைப் பார்த்து, "உக்காந்து புரட்டிப் பாருலே, அழுக்காக்கிராதே" என்று கடைக்காரர் சொல்லுவதும் அலமாரி உள்ள ஊரில் மட்டுமே நடக்கும். அந்தப் பையன் அன்று வாங்காமற்கூடப் போகலாம். அப்பா திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வரும்போது அழைத்து வருவான்.

இதே வட்டாரத்தில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டம் கூட்டியும், பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியிருந்தும், கம்பனையும் முத்தொள்ளாயிரத்தையும் குறவஞ்சியையும் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துப் பரிமாறினார். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்தது அருவிக்காக மாத்திரம் அன்று. இரசிகமணி 1954-இல் மறைந்தார். ஒரு நல்ல நூலை இன்னொருவர் வாய்மொழியாகக் கேட்டு அறிந்து, அப்புறம் அதைத் தேடிப் போய் வாங்கிய தலைமுறைகள் இப்பக்கத்தில் இருந்தன. அவ்வளவு பெரிய ரசிகர் ஊருக்கு ஒருவர் வாய்ப்பதில்லை, ஆனால் கி. ராஜநாராயணனைப் படித்தவரிடம், "அப்போ கு. அழகிரிசாமியையும் படிங்க, ரெண்டு பேரும் ஒரே ஊர், இடைசெவல்தான்" என்று சொல்லக் கூடிய ஒரு கடைக்காரர் வாய்க்கலாம்.

புத்தகத் திருவிழாக்கள் இருக்கின்றனவே, கடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1977-இல் சென்னை மதரஸா-ஐ-ஆஜம் பள்ளியில் தொடங்கிய புத்தகக் காட்சி, இன்று பொங்கலை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் கூடும் வைபவமாக வளர்ந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. அவை வேண்டும். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு வருஷத்துக்கு ஒரு முறை பல்லாயிரம் பேரைக் கூட்டுகிறது. ஆனால் கோயில் நடப்பது அன்றாடம் விளக்கேற்றிச் செய்யும் நித்திய பூஜையினால் அல்லவா? பத்து நாள் காட்சிக்காகப் பதினொரு மாதம் வாங்காமல் காத்திருந்து, அங்கே பத்து சதவீதத் தள்ளுபடியில் பை நிறைய வாங்கி வருபவர்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கை ஊர்க் கடைக்கு ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

கடைக்காரர்களின் பேரிலும் குறை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பட்சபாதம் ஆகும். பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்டாலே சிடுசிடுக்கிற கடைகளை நான் அறிவேன். ஒரு முறை, ஒரு சிற்றூர்க் கடையில் காவடிச்சிந்து கேட்டதற்கு, "கைடா, நோட்ஸா?" என்று திரும்பக் கேட்டு, இரண்டும் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சரஸ்வதி பூஜைக்கு அவலும் பொரியும் பங்கிடும் அன்றைக்கு அலமாரியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்தி வைக்கவும், விடுமுறையில் ஊருக்கு வருபவர்களிடம் அடுத்த முறை என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும், அதைக் கேட்டவரின் கைப்பேசிக்கு, புத்தகம் வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பவும் பணச் செலவு ஒன்றும் இல்லை. வாடிக்கை இரண்டு கையாலும் தட்ட வேண்டிய காரியம்.

நம் பக்கத்துக் காரியமோ மிகச் சுலபம். உ. வே. சா. காலத்துக் கையொப்பத்தை மறுபடியும் வழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே கடைக்குப் போய், எந்த மலர், எந்தப் புத்தகம் என்று சொல்லி, பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பத்துப் பேர் இப்படிச் சொன்னால் கடைக்காரர் தம் சொந்தப் பணத்தைத் தூங்க விடாமல் ஒரே கட்டாகத் தருவித்துவிடுவார். பதினொன்றாவது, பன்னிரண்டாவது பிரதியைத் தைரியமாக அலமாரியிலும் வைப்பார்.

இன்னும் ஒரு யோசனை. காணும் பொங்கலன்று தெருத்தெருவாக இளைஞர் மன்றத்தார் உறியடி, மியூசிக்கல் சேர், கோலப் போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் நடத்திப் பரிசு வழங்குகிறார்கள். வசூலான பணத்தில் பெரும்பகுதி பாத்திரக் கடைக்குப் போய், எவர்சில்வர் தட்டாகவும் டம்ளராகவும் பிளாஸ்டிக் டப்பாவாகவும் திரும்பி வருகிறது. அந்தப் பணத்தில் பாதியை, மார்கழி பிறக்கும்போதே ஊர்ப் புத்தகக் கடையில் முன்பணமாகக் கட்டி, பரிசு வாங்கும் பிள்ளைகளின் வயதைச் சொல்லிவைத்தால், பொங்கலுக்குள் கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கிவிடும். சாக்கு ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் வீட்டில் அந்த வருஷம் ஒரு தட்டுக் குறைந்ததற்காக அவன் தாயார் மன்றத்தாரிடம் சண்டைக்கு வந்தால், இரண்டாவது பரிசுக்கு மட்டும் தட்டே கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.